மொட்டைமாடியை மினியேச்சராக வரைவோம்: மரபு நுட்பத்தில் இன்றைய ஓவியம்

முகலாய இளவரசியின் கையில் செல்போன், ராஜபுத்திர வீரனின் கண்ணில் கூலிங் கிளாஸ். முகலாய, ராஜபுத்திர அரசவைகளில் தாளில் நுணுக்கமாகத் தீட்டிய சிறு ஓவியங்களான மினியேச்சரின் மரபை இன்றைக்குக் கொண்டுவருவது என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது இப்படி ஒரு படம்தான். பார்த்தவுடன் சிரிப்பு வரும். மறுமுறை பார்க்க அதில் எதுவும் மிஞ்சாது. இந்த மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு: வீட்டின் உள்ளையும் வெளியையும் ஒரே தாளில் விரிக்கும் இடப்பார்வை, மெல்லிய அடுக்குகளாக ஏறும் வண்ணம், தூரிகையின் நுனி முடி இழுக்கும் கோடு, படத்தைச் சுற்றி வரும் ஓரப் பட்டை, எதற்குத் தங்கம் என்று தீர்மானிக்கும் ஒழுங்கு. இவை கைக்கு வந்துவிட்டால் நம் தெருவையும் நம் வீட்டையும் வரைந்தாலே அது இன்றைய மினியேச்சர் ஆகிவிடும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு படத்தைச் செய்து முடிக்கிறது. 15 × 20 செ.மீ. அளவில் ஒரு மொட்டைமாடி: கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் துணி, பின்னால் செல்போன் கோபுரம், குடத்தோடு நிற்கும் ஒரு பெண். ராஜஸ்தானி, பஹாடி (இமயமலை அடிவாரச் சிற்றரசுகளின்) ஓவியங்களில் அதிகம் வரும் மேடைகளில் ஒன்று மாடி முற்றம். அங்கே கம்பளமும் திண்டும் இருந்த இடத்தில் இங்கே தொட்டியும் கொடியும். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஐந்து, ஆறு வாரத்தில் முடியும். அவசரப்படுத்தினால் ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததைக் கெடுக்கும்.

வரைவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அச்சிட்ட படங்களில் மினியேச்சரின் பாதி விஷயம் தெரியாது. புதுதில்லி தேசிய அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம், சண்டிகர் அரசு அருங்காட்சியகம், சம்பாவின் பூரி சிங் அருங்காட்சியகம், வாரணாசியின் பாரத் கலா பவன் ஆகியவற்றில் மூலப் படங்கள் இருக்கின்றன. ஒரு பூதக்கண்ணாடியோடு போங்கள். வண்ணம் உதிர்ந்த இடங்களைத் தேடிப் பாருங்கள். அங்கே அடியில் உள்ள காவிக் கோடும் அதன் மேல் வெள்ளைப் பூச்சும் தெரியும். வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதை அந்த உதிர்ந்த இடமே சொல்லிவிடும். நயின்சுக் போன்ற குலேர் (பஹாடி மரபின் ஒரு கிளை) ஓவியரின் படத்தில் முகத்தைவிட வெறுமையாக விட்ட சுவரையும் தரையையும் கவனியுங்கள். எவ்வளவு குறைவாக வரைந்தால் போதும் என்ற பாடம் அங்கேதான் இருக்கிறது.

இன்றைய ஓவியர்களைப் பார்க்கும்போது ஒரே கேள்வியோடு பாருங்கள்: மரபின் எந்த விதியை இவர் மாற்றினார், எதைத் தொடாமல் வைத்தார்? நீலிமா ஷேக் 1984-இல் ‘வென் சம்பா குரூ அப்’ என்ற 12 படங்களின் வரிசையைச் செய்தார். வரதட்சணைக்காகக் கொல்லப்படும் ஓர் இளம்பெண்ணின் கதை அது. ஏடு ஏடாகக் கதை சொல்லும் பழைய முறையைப் பிடித்துக்கொண்டு, அரசவைக் கதையைக் கைவிட்டார். லாகூரில் படித்த ஷாஸியா சிக்கந்தர் 1989-90இல் செய்த ‘தி ஸ்க்ரோல்’ ஐந்தடிக்கும் அதிகமான நீளம் கொண்டது. வெள்ளுடைப் பெண் ஒருத்தி ஒரு வீட்டின் அறை அறையாக நகர்கிறாள். நுட்பம் அப்படியே இருக்கிறது, ஏட்டின் அளவு மட்டும் உடைகிறது. இம்ரான் குரேஷி 2013-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் மாடித் தளத்தையே தாளாக எடுத்துக்கொண்டு, சிவப்புத் தெறிப்புகளுக்குள் மினியேச்சர் இலைகளை வரைந்தார். லிவர்பூலின் சிங் இரட்டைச் சகோதரிகள் நெருக்கமான அலங்காரத்தையும் ஓரப் பட்டையையும் விடாமல், உள்ளே இன்றைய அரசியலையும் குடும்ப வாழ்க்கையையும் வைத்தார்கள். நால்வகை வழிகள். யாரும் எல்லா விதியையும் ஒரே நேரத்தில் உடைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் ஓவியம் பழகியவர்களுக்கு ஒரு சொல். அங்கே பலகை, துணி, சுக்கான் பூச்சு, மேலெழும்பிய வேலைப்பாடு, தங்க ரேக்கு. இங்கே தாளின் மேல் எதுவும் எழும்பக் கூடாது. விரலால் தடவினால் வழவழவென்று இருக்க வேண்டும். கண்ணும் புருவமும் எழுதிய கைப்பழக்கம் நன்றாக உதவும். அடர்த்தியாகப் பூசும் பழக்கம் உதவாது.

தாள்: வஸ்லி

மினியேச்சருக்கான தாளை வஸ்லி என்பார்கள். மெல்லிய தாள்களைப் பசையால் ஒட்டி, காய வைத்து, கல்லால் தேய்த்து மெருகேற்றியது. கடையில் வாங்கலாம். ஆனால் ஒரு முறையாவது நீங்களே செய்து பாருங்கள், ஏனென்றால் பிற்பாடு வண்ணத்தில் வரும் கோளாறுகளில் பாதிக்குத் தாள்தான் காரணம்.

வேண்டியவை: அமிலமற்ற தாள் 4, ஒவ்வொன்றும் 100 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), 26 × 31 செ.மீ. அளவில் வெட்டியது. படம் 15 × 20, சுற்றிலும் ஓரப் பட்டைக்கு 4 செ.மீ., மீதி வெட்டி எறிய. இயந்திரத் தாள் என்றால் நான்கின் இழையோட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும். இழையோட்டம் கண்டுபிடிக்கத் தாளை இரு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் பக்கம்தான் அது.

பசைக்கு 50 கிராம் மைதா, 500 மி.லி. தண்ணீர். முதலில் 100 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதித் தண்ணீர் கொதித்ததும் அதை ஊற்றி, சிறு தீயில் 10 முதல் 15 நிமிடம் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் போய்ப் பளிங்குபோல் ஆனதும் இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஆற விடுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். இந்த அளவுப் பசைக்கு ஒரு மிளகளவு போதும். ராமபாணப் பூச்சிக்கு மைதாப் பசை என்றால் விருந்து, ஆகவே நம் ஊர் வீடுகளுக்கு இது தேவைதான். ஆனால் மயில்துத்தம் விஷம். ஆறிய பசையில், சமையலுக்கு எடுக்காத பாத்திரத்தில் கலந்து, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பசையை இரண்டு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒட்டும் முறை: கண்ணாடி அல்லது கிரானைட் மேல் முதல் தாளை வைத்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். அகலத் தூரிகையால் பசையை நடுவிலிருந்து வெளியே பூசுங்கள். அடுத்த தாளையும் ஈரமாக்கி மேலே வைத்து, அதன் மேல் உலர்ந்த துணியைப் போட்டு உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். நான்கும் முடிந்ததும் ஒரு பலகைக்கு மாற்றி, நான்கு விளிம்பையும் பசைக் காகித நாடாவால் ஒட்டிவிட்டு நிழலில் இரண்டு நாள் விடுங்கள். மழைக்காலத்தில் மூன்று நாள். வெயிலில் வைத்தால் மேல் தாள் முதலில் சுருங்கி எல்லாவற்றையும் வளைத்துவிடும்.

கோளாறுகள் மூன்று. காற்றுக் குமிழி இருந்தால் மெருகேற்றும்போது அது மடிப்பாகும். அந்தத் தாளைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பசை கட்டியாக இருந்தால் அந்த இடம் மேடாகி, தனியாகப் பளபளக்கும். பசை நீர்த்திருந்தால் விளிம்பை வெட்டும்போது அடுக்குகள் பிரியும்.

அடுத்தது மெருகு. அகேட் கல் பதித்த மெருகுக் கட்டை சிறந்தது. கிடைக்காவிட்டால் பெரிய சோழியின் முதுகு போதும். சமமான கல்தளத்தில் வஸ்லியை வைத்து, முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில், அழுத்தத்தை மாற்றாமல் தேயுங்கள். தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் வையுங்கள். சட்டென்று உறிஞ்சினால் மெருகு போதாது. உருண்டையாகவே நின்றால் மெருகு அதிகம், அதில் வண்ணம் பிடிக்காது.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் 300 ஜிஎஸ்எம், வழவழப்பான ஹாட் பிரஸ் வகை, முழுப் பருத்தித் தாளை வாங்கி மெருகேற்றிக்கொள்ளுங்கள். சொரசொரப்பான கோல்டு பிரஸ் தாளை மட்டும் எடுக்காதீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் அதன் பள்ளங்கள் கோட்டை உடைக்கும்.

தூரிகை

அணில் வால் முடியைப் புறா இறகுக் குழலில் செருகிச் செய்வது மரபுத் தூரிகை. இன்றைக்கு நல்ல செயற்கை முடித் தூரிகைகளே போதும். கீரி முடி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

புதியவர்கள் கடையில் இருப்பதிலேயே சிறிய எண்ணைத் தேடி வாங்குவார்கள். அதில் வண்ணம் தங்க இடமே இல்லை. கோடு பாதியில் வறண்டு நிற்கும். மெல்லிய கோட்டைத் தருவது எண் அல்ல, நுனி. வயிறு பருத்து, நுனி ஒரே முடியாகக் கூரும் 1-ஆம் எண் தூரிகை ஒன்று, 0 ஒன்று, கடைசி வேலைக்கு 000 ஒன்று. வாங்கும்போது நனைத்து ஓர் உதறு உதறிப் பாருங்கள். முடியெல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு நுனியாக நிற்க வேண்டும். இரண்டாகப் பிரிந்தால் வைத்துவிடுங்கள். தண்ணீர்க் குவளையில் தூரிகையைத் தலைகீழாக நிறுத்தி வைத்தால் ஒரே இரவில் நுனி வளைந்துவிடும்.

வண்ணம்

பழைய வண்ணப் பட்டியலைப் பார்த்தால் ஆசை வரும்: அரிதாரம், ஜாதிலிங்கம், ஈய வெள்ளை, செம்புப் பச்சை. முதலாவதில் ஆர்செனிக், இரண்டாவதில் பாதரசம், மூன்றாவதில் ஈயம். நான்காவது காலப்போக்கில் தாளையே அரித்துத் துளையிடும். இவற்றின் தூளை வீட்டில் அரைக்கவே வேண்டாம்.

தொடங்குபவர்களுக்குக் குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) அல்லது நல்ல வாட்டர்கலரோடு வெள்ளை சேர்த்தது சரியானது. டைட்டானியம் வெள்ளை, துத்தநாக வெள்ளை, மஞ்சள் காவி, செங்காவி, எலுமிச்சை மஞ்சள், அல்ட்ராமரின் நீலம், விரிடியன் பச்சை, குவினாக்ரிடோன் ரோஸ், பர்ன்ட் அம்பர், விளக்குக் கறுப்பு. இந்தப் பத்தும் போதும். இரண்டு வெள்ளை எதற்கு என்றால், டைட்டானியம் அடியில் உள்ளதை மறைக்கும், துத்தநாகம் பாதி தெரியவிடும். கொடியில் தொங்கும் நைலான் புடவைக்கு இரண்டாவதுதான் வேண்டும். பள்ளிக்கூட போஸ்டர் கலரைத் தவிர்த்துவிடுங்கள். அதில் நிரப்புத் தூள் அதிகம். பின்னால் மெருகு போடும்போது வெடித்து உதிரும்.

மண் வண்ணங்களை மட்டும் நீங்களே செய்து பார்க்கலாம். கருவேலம் பிசின் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு எடையில், இரவு முழுக்க ஊற வைத்து வடிகட்டுங்கள். காவித் தூளைத் தண்ணீரில் குழைத்துக் கண்ணாடித் தட்டில் மழமழவென்று அரைத்து, அந்தக் குழைவில் பாதி அளவு பிசின் கரைசலைச் சேருங்கள். ஒரு தாளில் பூசி, காய்ந்ததும் விரலால் தேயுங்கள். விரலில் ஒட்டினால் பிசின் குறைவு. பளபளத்து வெடித்தால் பிசின் அதிகம். அரைக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். விளக்குக் கரி தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும், கலக்காது. முதலில் சில துளி ஸ்பிரிட் விட்டுக் குழைத்தால் வழிக்கு வரும். பின்னாளில் பச்சைக்கு மலக்கைட், நீலத்துக்கு லாபிஸ் எனக் கற்களுக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அவற்றை அதிகம் அரைக்க அரைக்க நிறம் வெளுத்துப்போகும்.

வண்ணத்தை வைத்துக்கொள்ளச் சிப்பி ஓடுகள் அருமையானவை. மூலை இல்லாததால் கடைசித் துளிவரை நடுவில் சேரும், தூரிகையின் நுனியையும் அதன் விளிம்பிலேயே கூராக்கிக்கொள்ளலாம்.

வரைவு

முதல் வரைவைச் சாதாரணத் தாளில், அதே 15 × 20 அளவில் செய்யுங்கள். வஸ்லியில் அழித்து அழித்து வரைந்தால் மெருகு போய்விடும்.

இடத்தைப் பிரிக்க ஒரு வழி: கீழே 6 செ.மீ.யில் மாடிப்படி அறை, சுவரை வெட்டித் திறந்தாற்போல் உள்ளே தெரியும்படி. நடுவில் 10 செ.மீ. மாடித் தளம். மேலே 4 செ.மீ. வானமும் கோபுரமும். தளத்தைத் தாளில் செங்குத்தாக எழுந்து நிற்பதுபோல் வரையுங்கள். இணைகோடுகள் தூரத்தில் ஒன்றுகூடக் கூடாது. கைப்பிடிச் சுவர் கடைசிவரை இணையாகவே போகட்டும். தூரத்தில் இருப்பதால் பெண்ணைச் சிறிதாக்க வேண்டியதும் இல்லை. படத்துக்கு யார் முக்கியமோ அவர் பெரிதாக இருப்பார். புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். புகைப்படத்தில் ஒரு கண் ஓரிடத்தில் நிற்கிறது. மினியேச்சரில் கண் படத்துக்குள் நடக்கிறது: படியேறி, தொட்டியைச் சுற்றி, கொடிக்கடியில் குனிந்து. அந்த நடைக்கு வழி விட்டு வரையுங்கள்.

வரைவு திருப்தியானதும் டிரேசிங் தாளில் எடுத்து, அதன் பின்பக்கம் காவித் தூளைத் தேய்த்து, வஸ்லி மேல் வைத்து 2ஹெச் பென்சிலால் மெல்ல ஓட்டுங்கள். பென்சில் கரியைத் தேய்த்தால் அது பிறகு வெளிர் வண்ணங்களில் கலந்து அழுக்காகும். காவி கலந்தாலும் உறுத்தாது. பழைய பட்டறைகளில் துளையிட்ட தாளின் மேல் கரித்தூள் தட்டுவார்கள். ‘காகா’ (khaka) எனப்படும் அந்த முறை, ஒரே உருவம் பலமுறை வரும் படங்களுக்கு இன்றும் வசதியானது.

இப்போது நீர்த்த செங்காவியால் தூரிகைக் கோடு. அது காய்ந்ததும் படம் முழுக்க மெல்லிய துத்தநாக வெள்ளை ஒரே ஒரு பூச்சு, அடியில் கோடு மங்கலாகத் தெரிய வேண்டும். காய்ந்த பிறகு படத்தைச் சுத்தமான கண்ணாடி மேல் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் மெருகுக் கல்லால் தேயுங்கள். பிறகு மங்கலான கோட்டின் மேல் பழுப்பு நிறத்தில் இறுதிக் கோடு. தவறுகளைத் திருத்த இதுதான் கடைசி வாய்ப்பு.

தட்டையான வண்ணம்

வண்ணம் மோர்ப் பதத்தில் இருக்கட்டும். ஒரு பகுதிக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கலந்து வையுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது. குவாஷில் அடர் நிறம் காய்ந்ததும் கொஞ்சம் வெளுக்கும், வெளிர் நிறம் கொஞ்சம் அடர்க்கும். ஆகவே ஒரு துண்டு வஸ்லியில் பூசி, காய விட்டுப் பார்த்த பிறகுதான் படத்தில் கை வைக்க வேண்டும்.

வரிசை: வானம், சுவர், தளம், தொட்டி, துணி, பெண்ணின் உடை, கடைசியில் தோல் நிறம். பூசும்போது வண்ணத்தை ஒரு சிறு குளமாக மேல் விளிம்பில் நிறுத்தி, அதைத் தூரிகையால் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். 15 முதல் 20 நிமிடம் காய விட்டு, அடுத்த பூச்சைக் குறுக்குத் திசையில் போடுங்கள். மூன்று, நான்கு மெல்லிய பூச்சுகள். ஒரே பூச்சில் அடர்த்தியாக முடித்தால் பிறகு வெடிக்கும்.

இரண்டாம் பூச்சு போடும்போது முதல் பூச்சு கரைந்து எழும்பி வருகிறது என்பது எல்லோருக்கும் வரும் சிக்கல். பிசின் தண்ணீரில் கரையும் பொருள்; காய்ந்தாலும் அப்படித்தான். தூரிகையில் தண்ணீரைக் குறைத்து, ஒரே இடத்தில் இருமுறை தொடாமல் வேகமாகப் போனால் எழும்பாது. எழும்பிவிட்டால் தேய்க்காமல் முழுதும் காய விடுங்கள்.

ஒரு பகுதி முடிந்து நன்றாகக் காய்ந்ததும் மறுபடி குப்புறப் போட்டு மெருகு. வண்ணத் துகள்கள் தாளுக்குள் அழுந்தி, எனாமல்போல் ஓர் அமைதியான மினுக்கம் வரும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு, ‘ஏன் என் படம் சாதாரண வாட்டர்கலர்போல் இருக்கிறது’ என்று கேட்பவர்கள் அதிகம். ஈரப்பதம் கொஞ்சம் இருந்தாலும் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். முந்தைய நாள் பூசியதை மறுநாள் மெருகேற்றுவது பாதுகாப்பு.

பர்தாஸ்: தொட்டியைத் திரட்டுதல்

நிழலையும் திரட்சியையும் நுண்ணிய கீற்றுகளால் கொண்டுவருவதுதான் பர்தாஸ். மினியேச்சரின் உயிர் இங்கே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். படத்தில் அதன் உயரம் இரண்டரை செ.மீ. கறுப்புத் தொட்டி என்று கறுப்பையே பூசாதீர்கள், அதற்குமேல் அடர்க்க இடமிருக்காது. விளக்குக் கறுப்பு, அல்ட்ராமரின், கொஞ்சம் வெள்ளை கலந்து நடுத்தரச் சாம்பல் நீலத்தைத் தட்டையாகப் பூசி மெருகேற்றுங்கள்.

இப்போது அதே கலவையில் வெள்ளை இல்லாமல் ஒரு படி அடர்ந்த நிறம். தூரிகையை நனைத்து, துணியில் ஒற்றி, நுனியைத் துண்டுத் தாளில் தொட்டுப் பாருங்கள். ஈரப் புள்ளி விழுந்தால் தண்ணீர் அதிகம். ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு முடிக் கீற்று விழுந்தால் சரி. தொட்டியின் வளையங்கள் போகும் திசையில், இடது ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கீற்றுகளை வரிசையாக வையுங்கள். இரண்டு கீற்றுக்கு நடுவே ஒரு கீற்றின் அகலம் இடைவெளி. முதல் வரிசை காய்ந்ததும் இரண்டாம் சுற்று அந்த இடைவெளிகளில். மூன்றாம் சுற்று இடது ஓரத்துக்கு அருகில் மட்டும். ஆனால் இடது விளிம்பின் கடைசி ஒரு மில்லிமீட்டரைத் தொடாமல் விடுங்கள். தளத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அங்கே ஏறும், தொட்டி உருண்டு நிற்பதே அந்தச் சிறு இடைவெளியால்தான். கடைசியாக வளையங்களின் முகட்டில் துத்தநாக வெள்ளையில் முடி அளவு கோடு.

கீற்றுகள் தனித்தனியே முள்ளாகத் தெரிந்தால் நிறம் அடித்தளத்தைவிட மிக அடர்ந்திருக்கிறது. கொஞ்சம் அடிநிறம் சேர்த்து இளக்குங்கள். அழுக்காகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் முந்தைய சுற்று காயாமல் அடுத்தது போட்டிருக்கிறீர்கள். இந்தத் தொட்டிக்கு மட்டும் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். மணிக்கட்டைப் பலகையில் ஊன்றி, மூச்சை வெளியே விடும்போது கீற்றை வையுங்கள். கைக்கடியில் எப்போதும் ஒரு சுத்தமான தாள் இருக்கட்டும். வியர்வை பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது, பின்னாளில் பூஞ்சணமும் அங்கேதான் முதலில் வரும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து தூரத்தில் எதையாவது பாருங்கள்.

கொடியில் தொங்கும் மெல்லிய புடவைக்கு வேறு வழி. பின்னால் தெரியும் சுவரையும் வானத்தையும் முதலில் முழுதாக முடித்துவிடுங்கள். அதன் மேல் மிக நீர்த்த துத்தநாக வெள்ளை ஒரே பூச்சு. மடிப்பு விழும் இடங்களில் மட்டும் சற்று அடர்ந்த வெள்ளைக் கோடு. முகலாயர் காலத்து மஸ்லினை வரைந்த அதே உத்திதான்.

கோடும் தங்கமும்

எல்லா வண்ணமும் முடிந்ததும் உருவங்களைச் சுற்றி இறுதிக் கோடு. கறுப்பால் எல்லாவற்றையும் சுற்றினால் சித்திரக்கதைபோல் ஆகிவிடும். தோலுக்குச் செம்பழுப்பு, துணிக்கு அதே துணியின் அடர் நிறம், கண்ணுக்கும் கூந்தலுக்கும் மட்டும் கறுப்பு.

தங்கத்துக்கு மூன்று தேர்வுகள். பிசினில் அரைத்த உண்மைத் தங்கத் தூள் விலை அதிகம், ஆனால் காய்ந்ததும் அகேட் கல்லால் மெருகேற்றினால் உலோகமாகவே ஒளிரும். பித்தளைத் தூள் வண்ணம் சில காலத்தில் பச்சையாகவோ பழுப்பாகவோ கறுக்கும்; வேண்டாம். மைக்கா சார்ந்த தங்க வாட்டர்கலர் கறுக்காது, ஆனால் மெருகு ஏறாது. முதல் படத்துக்கு அது போதும்.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. மரபில் தங்கம் சிம்மாசனத்துக்கும் நகைக்கும் ஒளிவட்டத்துக்கும் உரியது. எது உயர்ந்தது என்று ஓவியர் சொல்லும் இடம் அது. இந்தப் படத்தில் பெண்ணின் வளையலில் வைத்தால் அது வெறும் அலங்காரம். பிளாஸ்டிக் குடத்தின் வாயில் தெரியும் தண்ணீரில் மட்டும் வைத்துப் பாருங்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நகரத்தின் மொட்டைமாடி, ஒரு சொல் எழுதாமலே பேசத் தொடங்கும். செல்போன் பிடித்த இளவரசி செய்ய முடியாதது இது. மரபின் ஒழுங்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் நம் பொருளை நிறுத்துகிறோம்.

ஓரப் பட்டை

படத்தைச் சுற்றி முதலில் ஜத்வல் கோடுகள்: ஒரு தடித்த கோடு, இருபுறமும் இரண்டு மெல்லிய கோடுகள். ரூலிங் பேனாவில் (இரு உலோகத் தகடுகளுக்கிடையே வண்ணம் நிரப்பிக் கோடு இழுக்கும் பேனா) குவாஷை நிரப்பி இழுங்கள். தூரிகையும் அளவுகோலும் சேர்ந்தால் வண்ணம் அளவுகோலுக்கடியில் ஓடிவிடும். அதற்கு வெளியே 4 செ.மீ. ஹாஷியா, அதாவது அலங்கார ஓரப் பட்டை. பூக்கொடியை அப்படியே நகலெடுக்கலாம், ஆனால் படத்தோடு அதற்கு உறவு வேண்டும். குழாயும் வளைவும் திருகும் தொடர்ந்து வரும் ஒரு கொடி இந்தப் படத்துக்குப் பொருந்தும். வெளிர் காவியில், அடிநிறத்தைவிட ஒரு படி மட்டும் அடர்த்தியாகச் செய்தால் போதும். ஓரம் படத்தைவிட உரக்கப் பேசக் கூடாது.

விதியை மீற விரும்பினால் இங்கே ஒரே ஓரிடத்தில் மீறுங்கள். செல்போன் கோபுரம் மட்டும் சட்டத்தைத் தாண்டி ஹாஷியாவுக்குள் நீளட்டும். பஹாடிப் படங்களிலும் மரக்கிளையும் கொடியும் சட்டத்தைத் தாண்டியது உண்டு. கூடவே பெண்ணின் அளவையும் மாற்றி, இடப்பார்வையையும் மாற்றினால் எது வேண்டுமென்று செய்தது, எது தவறியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

முடித்த பிறகு

மேலே வார்னிஷ் அடிக்காதீர்கள். குவாஷின் மேல் வார்னிஷ் பட்டால் வெளிர் நிறங்கள் இருண்டு, மெருகு போய்விடும். அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடி படத்தைத் தொடாதபடி சட்டமிடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய படத்தை மீட்பது கடினம். நேர் வெயில் படும் சுவரும், ஈரம் கசியும் வெளிச்சுவரும் வேண்டாம்.

டீத் தண்ணீர் தெளித்துத் தாளைப் பழையதாக்குவதும், பழைய ஏட்டுப் பக்கங்களைக் கிழித்து அதில் வரைவதும் சந்தையில் நடக்கிறது. 75 ஆண்டுக்கு மேலான கையெழுத்துப் பிரதிகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரக்கூடியவை. சட்டம் ஒருபுறம் இருக்க, ஓர் ஏட்டை அழித்து ஒரு படம் செய்வதில் எந்த மரபும் வாழாது.

மரபுவழி ஓவியர் ஒருவர் உங்கள் படத்தில் பர்தாஸோ ஓரமோ செய்து கொடுத்தால் அவர் பெயரும் படத்தில் வர வேண்டும். உதய்ப்பூரில் வாஸ்வோ எக்ஸ். வாஸ்வோ என்ற கலைஞர், தான் கருத்துச் சொல்லி ராகேஷ் விஜய் தீட்டும் படங்களை இருவர் பெயரிலும்தான் காட்டுகிறார். படத்தின் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் ஆண்டு, தாள், பயன்படுத்திய வண்ணங்கள், தங்கத்தின் வகை, வேலை செய்த எல்லோரின் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பேனா மை வஸ்லியின் அடுக்குகளில் ஊறி முன்பக்கம் வரக்கூடும் என்பதால் பென்சில் மட்டுமே.